கூட்டாக ஆய்வுக் கட்டுரை எழுத ஓவர்லீஃப்: பல ஆண்டு அனுபவம்

நான்கைந்து பேர் சேர்ந்து கட்டுரை எழுதும்போது, மின்னஞ்சலில் சுற்றும் பிரதிகளில் எது கடைசிப் பிரதி என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும். அதிலிருந்து விடுபடத்தான் ஓவர்லீஃப் என்ற இணைய எழுத்துக் கருவிக்கு வந்தேன். பல ஆண்டுகளாகக் கணிதம் மிகுந்த கட்டுரைகளை எல்லாம் அதில்தான் எழுதுகிறேன்.

2012-இல் ரைட்லேடெக் என்ற பெயரில் தொடங்கி, 2017-இல் ஷேர்லேடெக்கையும் சேர்த்துக்கொண்ட சேவை இது. சமன்பாடுகள் மிகுந்த கட்டுரைகளைக் குறியீடுகளால் எழுதி வடிவமைக்க உதவும் லேடெக்கை, எதையும் நிறுவாமல் உலாவியிலேயே எழுதலாம். பக்கத்திலேயே பிடிஎஃப் வந்துவிடும். பல இதழ்களின் டெம்ப்ளேட்டும் தயாராகக் கிடைக்கும். இலவசக் கணக்கில், குறியீட்டைப் பிடிஎஃப் ஆக்கும் கம்பைல் நேரத்துக்கும் கூட்டாளிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கனமான படங்களைச் சுருக்கி ஏற்றினால் நேர வரம்பைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ஒரே பத்தியில் இருவர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்ய முடியும் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவி அதைத் தாங்கும், பத்தி தாங்காது. எந்தப் பகுதி யாருடையது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டு, மற்றவர் பகுதியில் குறிப்பு மட்டும் எழுதுவதே நல்லது. வாதத்தின் ஓட்டம் இன்னும் முடிவாகாத ஆரம்பக் கட்டத்துக்கு கூகுள் டாக்ஸே போதும். அதிலுள்ள பரிந்துரை முறையில் விவாதிப்பது எளிது. சமன்பாடுகள் நுழையத் தொடங்கியதும் லேடெக்குக்கு மாறிவிடுவேன்.

புதிதாகச் சேரும் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி. வரியின் முடிவை லேடெக் வெறும் இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் பிடிஎஃபில் எதுவும் மாறாது. ஆனால் கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் அவற்றை வரி வரியாகத்தான் ஒப்பிடும். பத்தி முழுக்க ஒரே வரியாகக் கிடந்தால், ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் முழுப் பத்தியும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்றால் யார், எப்போது, எந்த வாக்கியத்தை மாற்றினார் என்பது துல்லியமாகத் தெரியும். மதிப்பாய்வாளர்கள் திருத்தங்களை அடையாளமிட்டுக் கேட்டால், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் லேடெக்டிஃப் என்ற கருவியிடம் கொடுத்தால் போதும்.

மேற்கோள்களுக்கு, நூற்பட்டியலைச் சேமிக்கும் சொட்டேரோ மென்பொருளின் குழு நூலகம். பெட்டர் பிப்டெக் நீட்சியைச் சேர்த்தால் ஒவ்வொரு கட்டுரையையும் சுட்டும் மேற்கோள் குறிச்சொற்கள் நிலையாக இருக்கும். இல்லாவிட்டால் ஒரே கட்டுரையை இருவர் இரு குறிச்சொற்களில் சேர்த்து, பட்டியலில் அது இரண்டு முறை வந்து நிற்கும்.

1991 முதல் இயங்கும் முன்பிரதிக் களஞ்சியமான ஆர்கைவில் பதிவேற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லேடெக்கில் எழுதியதற்கு பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள், மூலக்கோப்பையே கேட்பார்கள். அந்த மூலத்தை யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம். பிடிஎஃபில் தெரியாதபடி % குறிக்குப் பின்னால் ஒளித்துவைத்த உள்சண்டைகள், நீக்கிய தேற்றங்கள், மதிப்பாய்வாளரைப் பற்றிய முணுமுணுப்புகள் எல்லாம் அப்படியே போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன், இவற்றை நீக்கும் ஆர்கைவ் லேடெக் கிளீனரை ஒருமுறை ஓட்டுங்கள்.

கோப்புகள் வெளியே போகக்கூடாத ஆய்வு என்றால், ஓவர்லீஃபின் திறமூலப் பதிப்பைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். 2023-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த, லேடெக் போன்ற டைப்ஸ்ட் என்ற கருவியையும் உள் அறிக்கைகளுக்குப் பயன்படுத்துகிறேன். அதன் கம்பைல் வேகமும், பிழை நேர்ந்தால் காரணத்தைத் தெளிவாகச் சொல்வதும் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான இதழ்கள் இன்னும் லேடெக் அல்லது வேர்ட் கோப்பைத்தான் கேட்கின்றன. அதனால் கட்டுரைகளை அங்கே மாற்றவில்லை.