18 மாதம் கோச்சிங் போனேன்: கேட்ட கேள்வியே திரும்பி வரும்

போன வாரம் தோழி ஒருத்தி போன் செய்தாள். "உன் கோச் இப்போ மூணு பேரைச் சேர்த்து குரூப்பா எடுக்கறாங்களாமே, தலைக்கு 1,500 தானாம். சேரட்டுமா?" நான் தனி ஆளாக மணிக்கு 3,500 ரூபாய் கொடுத்து, மாதம் இரண்டு முறை, 18 மாதம் போயிருக்கிறேன். சட்டென்று பதில் வரவில்லை. யோசித்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

இது டியூஷன் கோச்சிங் இல்லை. வேலையில், வாழ்க்கையில் நாம் மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டே யோசிக்க வைக்கிற ஒருவரோடு ஜூமில் பேசுவது. நேராக எரிச்சலுக்கு வருகிறேன். இந்த 18 மாதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அவர் பதில் சொன்னதில்லை. "மேடம், புதுசா வந்த பொண்ணை எந்த பையர் (துணி வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி) வேலைக்குப் போடலாம்?" என்றால், "நீங்க என்ன நினைக்கறீங்க?" "முதலாளிகிட்ட சம்பளம் ஏத்திக் கேட்கலாமா?" என்றால், "கேட்டா என்ன ஆகும்னு தோணுது?" நான் திருப்பூரில் 15 வருஷமாக ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும் வரை பின்தொடர்கிற வேலை, பார்ப்பவள். எங்கள் வேலையில் கேட்ட உடனே பதில் வரணும், இல்லையென்றால் ஷிப்மெண்ட் தவறிவிடும். அந்தப் பழக்கத்தில் இருப்பவளுக்கு இது பல்லைக் கடிக்க வைக்கிற விஷயம்.

நியாயமாகப் பார்த்தால், இந்த முறையே அப்படித்தான். டிமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர், தான் சொல்லிக்கொடுப்பதைக் குறைத்தால் ஆடுபவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்வதை 1970களில் கவனித்தார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அதை பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். இலக்கு என்ன, இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப்போகிறோம் என்று நான்கு படி. என் கோச்சும் அதே வழிதான். பதிலை நாமே கண்டுபிடித்தால்தான் அது நம்மிடம் தங்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு என்னிடம் ஒருமுறை பலித்தது. மூன்றாவது மாதம், "என் டீம்ல யாரும் என்கிட்ட எதையும் முன்கூட்டிச் சொல்றதே இல்லை" என்று புலம்பினேன். "அவங்க சொல்ல வரும்போது என்ன நடக்குது?" என்றார். தெரியலை என்றேன். "எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. காலை மீட்டிங்கை போனில் பதிவு செய்து பார்க்கிறேன் என்று நானேதான் சொன்னேன்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டே பதிவு செய்தேன். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, சமையல்கட்டுத் திட்டில் சாய்ந்துகொண்டு இயர்போனில் கேட்டேன். 26 நிமிடம். மளிகை பில்லின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். அடுத்தவர் பேச்சை நான் வெட்டிய இடம் மட்டும் 14. டையிங் ஃபாலோ-அப், அதாவது துணிக்குச் சாயம் போடும் வேலையைப் பின்தொடர்வது, பார்க்கிற தம்பி, "அக்கா, அந்த நேவி லாட்டுல..." என்று மூன்று முறை ஆரம்பிக்கிறான். முதல் தடவை, "தேதியை மட்டும் சொல்லு" என்கிறேன். இரண்டாவது தடவை நான் வேறு யாரிடமோ பேசப் போய்விட்டேன். மூன்றாவது தடவை, "தெரியும்ப்பா." அதற்கப்புறம் அந்தப் பதிவில் அவன் குரலே இல்லை. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டு ரோல் துணி, அப்ரூவ் ஆன கலர் ஷேடோட சேரலைங்க அக்கா." கட்டிங் டேபிளில் துணி விரித்தாகிவிட்டது. வெட்டுவதற்குள் ஓடிப்போய் நிறுத்தினோம்.

ஜோஹாரி ஜன்னல் என்று ஒரு படத்தை கோச் இரண்டாவது முறையே போட்டுக் காட்டியிருந்தார். ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955இல் உருவாக்கியது. மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கு மட்டும் தெரியாததற்கு அதில் ஒரு கட்டம் உண்டு. அன்று தலையாட்டிவிட்டு வந்தேன். புரிந்தது சமையல்கட்டில்தான். அன்றிலிருந்து கைப்பையில் ஒரு குட்டி நோட்டு இருக்கிறது, யார் பேச்சையாவது வெட்டினால் அதில் ஒரு கோடு. ஆரம்பத்தில் நாளுக்கு 10, 12 கோடு விழும். இப்போது 3, 4. அந்தத் தம்பி இப்போது காலையில் முதல் ஆளாக வந்து பேசுகிறான். வீட்டில் மட்டும் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை.

இவ்வளவு கிடைத்தும் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் ஆபரேஷன். அதே வாரம் இங்கே, சரக்கு கிளம்பும் முன் நடக்கிற ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். "மேடம், லீவு போடட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "இதுல உங்களுக்கு எது முக்கியம்னு தோணுது?" என்றார். லேப்டாப்பை மூடிவிட்டேன். எனக்காக அவர் முடிவெடுக்கக் கூடாது என்பது தெரியும், அவர் செய்தது முறைப்படி சரிதான். ஆனால் அன்று செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் பெரியம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ கண்ணு, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார். பஸ் ஏறினேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் வேண்டாம். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழில் மூன்று படி உண்டு: கோச்சிங் கொடுத்த அனுபவம் முதல் படிக்கு 100 மணி நேரம், அடுத்ததுக்கு 500, அதற்கும் மேலே 2,500. உங்கள் கோச் எந்தப் படி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், தூக்கமே இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அது கோச்சிடம் போகிற விஷயமில்லை. டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம்.

தோழியிடம் சேராதே என்றுதான் சொன்னேன். நானும் இந்த மாதம் புதுப்பிக்கவில்லை. அந்த நோட்டு அவரால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இருந்தும் மனசு வரவில்லை. "அப்போ நான் என்னதான் பண்றது?" என்றாள். நாளைக்கு உன் மீட்டிங்கில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு பதிவு செய், ராத்திரி தனியாக உட்கார்ந்து முழுசாகக் கேள், கேட்டுவிட்டு எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு என்றேன்.