குடும்பத்தோடு நீரில் தங்க ஒரு சிறு கபின் படகு: மூன்றைப் பார்த்து ஒன்றை வாங்கிய அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் வசிக்கும் எங்கள் வீட்டில் நானும் மனைவியும், பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியால் அவதிப்படும் என் அம்மாவும் இருக்கிறோம். பாடசாலை விடுமுறைகளில் இரண்டு மூன்று இரவுகளைத் தண்ணீரிலேயே கழிக்கக்கூடிய சிறு இயந்திரப் படகு ஒன்றைத் தேடி ஏறத்தாழ ஒரு வருடம் அலைந்தோம். மூன்று படகுகளில் ஏறிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஓர் இரவேனும் உறங்கிப் பார்த்த பிறகே ஒன்றை வாங்கினோம். விற்பவர்கள் இரவில் தங்க விடத் தயங்கினார்கள். நாங்கள் விடாப்பிடியாகக் கேட்டோம். பகலில் அரை மணி நேரம் ஓடிப் பார்ப்பதால் தெரியவராத குறைகள் எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்தான் வெளிப்பட்டன.

படகைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொண்டோம். கொழும்புக்குத் தெற்கே மொரட்டுவைக்கும் பிலியந்தலைக்கும் பாணந்துறைக்கும் இடையே பரந்துகிடக்கும் பொல்கொட வாவியே எங்கள் முதல் தெரிவு. வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு நீர்ப்பரப்புகள் ஒரு நீரோடையால் இணைக்கப்பட்டு, பாணந்துறையில் கடலோடு சேர்வதால், அங்கே கரையை விட்டு வெகுதூரம் போகாமலே நாள் முழுவதும் ஓடலாம். அடுத்தது நீர்கொழும்புக் களப்பு. சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் சிறு படகுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உகந்ததல்ல என்பதால், கடலோட்டம் டிசம்பர் முதல் மார்ச் வரையான அமைதியான காலை வேளைகளுக்கு மட்டுமே என்று முடிவு செய்தோம். ஐரோப்பிய வகைப்படுத்தலில் ‘சி’ தரமுள்ள படகு, காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் ஆறாம் நிலைக் காற்றையும் இரண்டு மீற்றர் அலையையும் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. எங்கள் தேவைக்கு அது தாராளமாகப் போதும். அதைவிட உயர்ந்த ‘பி’ தரத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்கும் பணத்தை நிழலுக்கும் காற்றுக்கும் செலவழிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பார்த்தது ஐரோப்பாவில் கட்டப்பட்டு இங்கே இறக்குமதியான இருபத்தெட்டு அடி வேகப் படகு. அதன் பெற்றோல் இயந்திரம் பின்பகுதியில் தளத்துக்கு அடியில் இருந்தது. கண்ணைப் பறிக்கும் அழகு. ஆறு பேர் படுக்கலாம் என்று விபரத்தாளில் எழுதியிருந்தது. அந்த ஆறில் இரண்டு, சாப்பாட்டு மேசையை இறக்கி மெத்தையைப் பரப்பினால் கிடைப்பவை. இன்னும் இரண்டு, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தவழ்ந்து நுழைய வேண்டிய குகை. குளிர்நாட்டுக்காரர் சூட்டைத் தேக்கிவைக்கக் கட்டிய கபின் அது. சாளரங்கள் பெரும்பாலும் திறக்க முடியாதவை. கூரையில் ஒரே ஒரு திறப்பு. அதிலும் கொசுவலை கிடையாது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் வியர்த்து நனைந்து வெளியே வந்து மேல்தளத்தில் படுத்துக்கொண்டார்கள். குளிரூட்டி பொருத்தலாமே என்றார் தரகர். குளிரூட்டி என்றால் மின்பிறப்பாக்கி. மின்பிறப்பாக்கி என்றால் இரவெல்லாம் இரைச்சலும் புகையும். நங்கூரமிட்ட படகில் அந்தப் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டு கபினுக்குள் தேங்கி, உறங்குவோரை எழுப்பாமலே கொல்லக்கூடியது என்பதால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்தினேன். மேலும், பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இயந்திர அறையில் அது அடியில் தங்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் ஆவியை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். பிள்ளைகள் அவசரப்படுத்தும் ஒரு விடுமுறைக் காலையில் அதை ஒருநாளும் மறக்கமாட்டேன் என்று என்னால் எனக்கே உறுதி கூற முடியவில்லை.

இந்தப் படகின் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்பட்ட நீச்சல் மேடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொல்கொட வாவியிலும் நீர்கொழும்புக் களப்பை ஒட்டிய முத்துராஜவெல சதுப்பிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. நீர்மட்டத்தோடு ஒட்டிய அந்த மேடையில் பிள்ளைகள் காலைத் தொங்கவிட்டு அமர்வதை நான் அனுமதிக்கப்போவதில்லை. எனவே எங்களுக்கு அது படகில் ஏறும் படி மட்டுமே.

இரண்டாவது படகு மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய டீசல் படகு, கனத்த உடல், மணிக்கு ஆறு கடல் மைலில் ஆடாமல் அசையாமல் போனது. நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் இத்தகைய உடலின் வேக எல்லையை நீர்க்கோட்டின் நீளமே நிர்ணயிக்கிறது: அடிக்கணக்கிலான அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் கடல் மைலில் வேகம் கிடைக்கும். இருபத்து நான்கு அடிக்கு அது ஆறரைதான். அதற்கு மேல் விசையைக் கூட்டினால் எரிபொருள் கரையும், படகு விரையாது. வாவிக்கு அந்த வேகம் போதுமானது. டீசல் எளிதில் தீப்பற்றாததால் மன நிம்மதியும் கூட. இருந்தும் வேண்டாம் என்று வைத்ததற்கு இரண்டு காரணங்கள். நீருக்குள் ஏறத்தாழ ஒரு மீற்றர் அமிழும் அந்தப் படகை ஆழங்குறைந்த நீர்கொழும்புக் களப்பில் நினைத்த இடத்துக்கெல்லாம் கொண்டுபோக முடியாது. அதைவிட முக்கியமானது, இயந்திரம் கபினின் நடுவே தரைக்குக் கீழே இருந்தது. மாலையில் அதை நிறுத்திய பிறகும் நள்ளிரவு வரை தரைப்பலகை வெதுவெதுப்பாகவே இருந்தது. குளிர்நாட்டில் வரமாகக்கூடிய அந்த வெப்பம் இங்கே தூக்கத்தைக் கெடுத்தது.

நாங்கள் வாங்கியது இருபத்தைந்து அடி நீளமும் எட்டரை அடி அகலமும் கொண்ட நாரிழைப் படகு. உள்நாட்டிலேயே வார்க்கப்பட்ட உடல்; நின்றபடி ஓட்டக்கூடிய கண்ணாடிக் கூடு; பின்னால் வெளியே பொருத்திய நான்கு வீச்சுப் பெற்றோல் இயந்திரம் ஒன்று. பெற்றோலுக்கு எதிராக மேலே எழுதிய நானே பெற்றோல் படகை வாங்கியது முரணாகத் தோன்றலாம். இயந்திரம் முழுவதும் திறந்த வெளியில் இருப்பதால் ஆவி தேங்கும் ஆபத்து பெரிதும் குறைகிறது. எரிபொருள் தாங்கி இருக்கும் அறைக்கு மட்டும் காற்றோட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டோம். இயந்திரத்தின் வெப்பம் கபினுக்குள் வருவதே இல்லை. ஆகாயத் தாமரையோ சல்வீனியாவோ போன்ற நீர்க்களை சுழலியில் சிக்கினால், தண்ணீரில் இறங்காமலே இயந்திரத்தை மேலே சாய்த்துக் கையால் அகற்றிவிடலாம். பொல்கொட வாவியில் இந்த ஒரு வசதிக்காகவே அதை வாங்கலாம். மீன்பிடித் துறைகளில் எல்லாம் யமஹா, சுசுகி இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருப்பதும் பெரிய பலம். அளவையும் கவனிக்க வேண்டும்: முழு விசையில் ஓடும் பெற்றோல் இயந்திரம் பத்துக் குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ நான்கு லீற்றரைக் குடிக்கும். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற எவரும் இருநூறு குதிரைவலுவைச் சாதாரணமாகக் கேட்கமாட்டார்கள். எங்களுடையது அறுபது.

கபினில் முன்னும் பின்னும் பக்கங்களிலுமாகத் திறக்கும் வழிகள் ஐந்து. நங்கூரமிட்ட படகு தானாகவே காற்றை நோக்கி அணியத்தை, அதாவது முன்முனையை, திருப்பிக்கொள்வதால், முன்கூரைத் திறப்பை முன்னோக்கித் திறக்கும்படி மாற்றியமைத்தோம். காற்று நேராக உள்ளே இறங்கிப் பின்கதவால் வெளியேறுகிறது. எல்லாத் திறப்புகளுக்கும் கொசுவலை தைத்தோம். பன்னிரண்டு வோல்ற் மின்விசிறிகள் இரண்டு, கூரையிலுள்ள சூரிய மின்தகட்டின் பலத்தில் இரவு முழுவதும் ஓடுகின்றன. பின்தளத்துக்கு மேலே தடித்த துணிப் பந்தல். நண்பகலில் ஐவரும் அதன் கீழேதான் இருந்தோம்.

அம்மாவுக்கு ஏற்ற படகா என்பதற்கு, அவரையே துறைமேடையிலிருந்து மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தோம். ஓட்டுநர் அருகிலுள்ள பக்கக் கதவு துறைமேடையின் உயரத்துக்குச் சரியாக வருகிறது. கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பிடி இருக்கிறது. கழிவறை சிறியது, ஆனால் கதவை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்கலாம். கழிவை வாவியில் விடும் குழாயைக் கழற்றிவிட்டு, தாங்கியோடு கரைக்கு எடுத்துச் சென்று கொட்டக்கூடிய கழிப்பானை வைத்தோம். அந்த நீரில் மீன் பிடித்துச் சாப்பிடும் குடும்பங்கள் கரை நெடுக இருக்கின்றன.

சமையல் மேடையில் இரண்டு அடுப்புகள். பிட்டுப்பானை வைக்கத் தலைக்கு மேல் இடம் உண்டு. எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. 2021இன் இறுதியில் வீடுகளில் அடுப்புகள் வெடித்த செய்திகளைப் பார்த்துப் பயந்த எங்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கிலோ முந்நூறு கிராம் சிலிண்டரை வெளித்தளத்தில், அடியில் துளையிட்ட தனிப்பெட்டியில் வைத்திருக்கிறோம். கசிந்தால் வாயு வாவிக்குமேல் வெளியேறும், கபினுக்குள் இறங்காது.

குறைகளும் உண்டு. வலப்பக்கச் சாளரம் முதல் மழையிலேயே ஒழுகியது. பொருத்தியவர் இரண்டு முறை வந்து பூசியும் நிற்கவில்லை. உடல் இலேசானது என்பதால் பக்கவாட்டுக் காற்றில் மெதுவாகத் துறையை அணுகும்போது அணியம் விலகிப்போகிறது. பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அரிப்பைத் தடுக்கும் உலோகக் கட்டிகளாகக் கடலுக்குரிய துத்தநாகத்தைப் பொருத்தித் தந்திருந்தார்கள். உப்பும் நன்னீரும் கலந்த நீருக்கு அலுமினியமே ஏற்றது என்பதால் அவற்றை எங்கள் செலவில் மாற்றினோம். நான்கு பேர் நிம்மதியாக உறங்கலாம். ஐந்தாமவர் பின்தளத்து இருக்கையில்தான், அதுவும் மழையில்லாத இரவில். ஐந்து பேருக்கு மேலுள்ள குடும்பத்துக்கு இந்தப் படகைப் பரிந்துரைக்கமாட்டேன்.

டிசம்பர் விடுமுறையில் வாவியின் தெற்குப் பகுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். இரண்டாம் நாள் அதிகாலை, மீனவர்களின் வள்ளங்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்த வேளையில், நான் எழுந்து பார்த்தபோது அம்மா முன்கபினில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். ஏப்ரலுக்கு முன் ஒழுகும் அந்தச் சாளரத்தை முழுவதுமாகக் கழற்றிப் புதிய இறப்பர் விளிம்போடு பொருத்தத் திகதி குறித்திருக்கிறோம்.