ஏறிப் பழகுவதா, பழகிய பின் ஏறுவதா?

புதுக் குதிரை லாயத்துக்கு வந்து இறங்கியதும் எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான்: எப்போது ஏறலாம்? ஒரு தரப்பு, ‘மறுநாளே சேணம் போடு, முதுகில் உட்கார்ந்தால்தான் குதிரை புரியும்’ என்கிறது. இன்னொரு தரப்பு, ‘சில வாரம் தரையில் நின்று பழகு, அப்புறம் ஏறு’ என்கிறது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. கைதேர்ந்த சவாரிக்காரர் ஒருவரை முதலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு நாம் ஏறுவது. என் சாய்வு இரண்டாவதன் பக்கம்தான். ஆனால் அதில் வாரக் கணக்கை நான் ஏற்பதில்லை; தரையில் நின்று என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றையும் எடை போடுவதற்கு முன், அந்த முதல் நாட்களில் குதிரையின் நிலை என்ன என்று பார்த்துவிடலாம். அது தன் கூட்டத்தை இழந்து வந்திருக்கிறது. தீவனம், தண்ணீர், வாசனை, சத்தம் எல்லாமே புதிது. குதிரை நின்றபடியே அரைத் தூக்கம் போடும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். இடம் புதிதாக இருந்தால் சில குதிரைகள் நாள் கணக்கில் படுப்பதே இல்லை. தீவனத்தைச் சட்டென்று மாற்றினால் வயிற்றுவலி வரும் ஆபத்து உண்டு என்பதால், பழைய தீவனத்தோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாட்களில் மாற்றுவார்கள். தொண்டைக் கணுக்கள் வீங்கும் ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ போன்ற தொற்றுகள் வெளியே தெரிய 3 முதல் 14 நாட்கள் ஆகலாம். அதனால் 2 முதல் 3 வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளி வைப்பது நல்லது. அப்படி வைக்கும்போதும் தூரத்தில் வேறு குதிரைகள் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஆக, தூக்கம் குறைந்து, வயிறு சரியாகாமல், தனியாக நிற்கிற ஒரு விலங்கைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மறுநாளே ஏறுவது

இந்த வழியை முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நன்றாகப் பயிற்சி பெற்ற, பல சவாரிக்காரர்களைச் சுமந்து பழகிய நடுவயதுக் குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் தெரிந்த விஷயங்கள். ஊரே புதிதாக இருக்கும்போது, தெரிந்த வேலை அதற்கு ஒரு பிடிமானம். வந்த அன்றிலிருந்து ஆளாளுக்குச் சுற்றி நின்று தடவிக்கொடுப்பதை விட, ஒரு நிதானமான நடைச் சவாரி அதற்கு ஆறுதலாகவே இருக்கலாம். சவாரிக்காரருக்கும் லாபம் உண்டு. ஏறுவதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட மனதில் பயம் வளரும். சீக்கிரம் ஏறுகிறவருக்கு அது வளர நேரம் இருக்காது.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. குதிரை தலையை உதறுகிறது, முதுகை வளைக்கிறது, நகர மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலியா, பயமா, பழைய ஆள் வேறு விதமாகச் சைகை கொடுத்துப் பழக்கியதா? முதுகில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைப் பிரித்துப் பார்க்க அவகாசம் கிடைக்காது. விழாமல் இருப்பதே அவருடைய முழுநேர வேலையாகிவிடும். சேணம் வேறொரு குதிரைக்கு வாங்கியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் அங்கங்கே வெள்ளை முடி முளைத்திருந்தால், முன்பு எப்போதோ அங்கே அழுத்தம் விழுந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்க்காமல் ஏறுவது, பழைய காயத்தின் மேலேயே உறவைத் தொடங்குவது. எடையும் அப்படித்தான். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 500 கிலோ குதிரைக்கு அது 100 கிலோ.

‘வாங்கும் முன்பே ஏறிப் பார்த்தேனே’ என்பார்கள். அந்தச் சவாரியில் குதிரை தன் சொந்த இடத்தில், தன் கூட்டத்தின் நடுவில் இருந்தது. அன்று கண்ட அமைதியை இன்றைக்குக் கணக்கில் சேர்க்க முடியாது.

வேறொருவரை முதலில் ஏற்றுவது

இளம் குதிரைக்கும், நீண்ட நாள் யாரும் ஏறாமல் நின்ற குதிரைக்கும் இதுவே பாதுகாப்பான தேர்வு. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கீழே நின்று பார்ப்பவருக்கு, குதிரை எந்தப் பக்கம் வளையத் தயங்குகிறது, எப்போது காதைப் பின்னால் மடக்குகிறது என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் தேர்ந்தவரின் கையில் குதிரை சரியாகப் போனால், அவரோடு அதற்கு ஒத்துப்போகிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய கால் எங்கே இருந்தது, கை எப்போது தளர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் பக்கத்தில் நிற்க நாம் ஏறினால் பலன் உண்டு. அவர் இறங்கிப் போன பிறகு தனியாக ஏறினால், குதிரைக்கு நாம் முதல் நாள் ஆள்தான்.

தரையில் பழகி ஏறுவது

இந்த ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ‘வாரக் கணக்கில் தரைவேலை செய்தேன், ஏறினால் பழையபடிதான்’ என்ற ஏமாற்றம் வருகிறது.

முதலாவது, வட்டக் கொட்டிலில் குதிரையை அவிழ்த்துவிட்டு ஓட்டி, அது தானாக நம் பின்னால் வரும்வரை காத்திருப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கொட்டிலுக்குள் ஒருவர் பின்னால் நடந்த குதிரை, திறந்த மேய்ச்சல் வெளியில் அதே ஆளைக் கண்டுகொள்ளாமல் போவது உண்டு. மூலையே இல்லாத இடத்தில் ஓடி ஓடிக் களைத்த விலங்கு, ஓட்டம் நிற்கிற இடத்தைத் தேடி வருகிறது. அது வாயை மெல்லுவதையும் உதட்டை நக்குவதையும் ‘பணிந்துவிட்டது’ என்று சொல்வார்கள். பதற்றம் ஏறி இறங்கும்போதும் குதிரை அப்படிச் செய்யும். வந்த முதல் வாரத்தில், ஏற்கெனவே பதறி நிற்கும் குதிரையிடம் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, நீளக் கயிற்றில் கட்டி வட்டமாக ஓட்டுவது. குதிரை நொண்டுகிறதா, இரண்டு பக்கமும் சமமாக வளைகிறதா, குரலுக்கு நிற்கிறதா என்று பார்க்க இதைவிட வசதியான வழி இல்லை. ஆனால் பலர் இதைச் செய்வது ‘கொஞ்சம் களைக்கவிட்டு ஏறலாம்’ என்று. சின்ன வட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடுவது கால் மூட்டுகளுக்குச் சுமை. குதிரையின் உடல் திறன் வேறு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். இன்று 10 நிமிடத்தில் களைத்தது அடுத்த மாதம் அரை மணி நேரம் ஓடினாலும் களைக்காது. பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நல்ல கருவி.

மூன்றாவதுதான் என் தேர்வு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடப்பது. வேடிக்கை பார்க்க இதில் ஒன்றும் இல்லை, படம் எடுத்துப் போடவும் ஒன்றும் இல்லை. ஆனால் முதுகில் உட்கார்ந்து நாம் கேட்கப்போகிற அத்தனையையும் இங்கே கேட்டுவிடலாம். நட, நில், பின்னால் போ, பின்கால்களை நகர்த்து, தோளைத் திருப்பு, நான் சொல்லும்வரை சும்மா நில். ஒவ்வொன்றிலும் முக்கியமானது அழுத்தத்தை விடும் நேரம். கயிற்றில் மெல்லிய இழுப்பு, குதிரை ஒரு அடி பின்வாங்கியது, அந்தக் கணமே இழுப்பு மறைய வேண்டும். குதிரைக்குப் பாடம் புரிவது அந்த விடுதலையில்தான். இரண்டு நொடி தாமதித்து விட்டால், அந்த இரண்டு நொடியில் அது வேறு என்ன செய்ததோ அதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும். சேணத்தில் உட்கார்ந்து கடிவாள வாரைப் பிடிக்கும்போதும் இதே கணக்குதான். தரையில் நேரம் தவறினால் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம். முதுகில் இருக்கும்போது அது விழுந்து எழுவதில் போய் முடியலாம்.

கூட நடப்பதில் இன்னொரு லாபம், குதிரை நம்மைப் படிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரிய பேச்சு. கேள்விக்கு விடையாகக் குளம்பைத் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தபோது, கேள்வி கேட்பவரின் தலையிலும் முகத்திலும் அவரே அறியாமல் தோன்றிய நுண்ணிய அசைவுகளைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது என்று தெரிந்தது. கணக்கை விட இதுதான் எனக்குப் பெரிய திறமையாகத் தெரிகிறது. 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இன்னும் நேரடியானது. குதிரையோடு பல முறை ஒரே பாதையில் போனவர்களிடம், கடைசித் தடவையில் ‘இப்போது ஒரு குடை விரியப்போகிறது’ என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது. கயிற்றைப் பிடித்து நடந்தபோதும் அப்படி, முதுகில் ஏறிப் போனபோதும் அப்படி.

இந்தச் சோதனையை வைத்துத்தான் மூன்று வழிகளுக்கும் நடுவே நான் முடிவுக்கு வருகிறேன். பயம் இரண்டு இடத்திலும் கடத்தப்படும் என்றால், பயம் தணியும்வரை தரையில் இருப்பதே மேல். புதுக் குதிரையின் அசைவுகள் நமக்குப் பழகப் பழக நம் மூச்சும் சீராகும்.

தொடுவதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பெரும்பாலானோர் பாராட்டாகக் கழுத்தில் பட்டென்று தட்டுகிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று தட்டிக்கொள்வதில்லை. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை ஒன்றுக்கொன்று பல்லால் மெல்லச் சுரண்டிக்கொள்ளும். அந்த இடத்தைச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தட்டுவதை விட்டுவிட்டு அங்கே சொறிந்துகொடுத்துப் பாருங்கள். மேலுதடு நீண்டு துடித்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

இனி, தரைவேலைத் தரப்பினர் ஒப்புக்கொள்ளத் தயங்கும் விஷயம். தரை சிலருக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் பழகட்டும்’ என்று மாதங்கள் ஓடும். குதிரைக்கு முதுகில் ஆளே இல்லாத நாட்கள் நீண்டுகொண்டே போக, ஏறுகிற நாள் இருவருக்கும் பெரிய சோதனையாக வந்து நிற்கும். நாட்காட்டியை வைத்துக் காத்திருப்பதும் இதே தவறின் இன்னொரு முகம்தான்.

குதிரையைப் பார்த்து முடிவெடுக்கலாம். தீவனம் ஒழுங்காகத் தின்கிறதா? இரவில் படுத்ததற்கு அடையாளமாக உடம்பில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா? ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் அந்த அளவில் இருக்கிறதா? சேணத்தின் வயிற்றுவாரை மெதுவாக, துளை துளையாக இறுக்கும்போது காதை மடக்காமல், கடிக்கத் திரும்பாமல் நிற்கிறதா? ஏறுமேடைக்குப் பக்கத்தில் கயிறு தளர்ந்திருக்க, தானாக நிற்கிறதா? இவையெல்லாம் ஆம் என்றால் ஐந்தாம் நாளானாலும் ஏறலாம். இல்லை என்றால் மூன்றாம் வாரமானாலும் காத்திருக்கலாம். வயிற்றுவாருக்கு மட்டும் தொடர்ந்து கோபப்பட்டால், பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பல், முதுகு, வயிற்றுப் புண் எதுவாகவும் இருக்கலாம்.

முதல் சவாரி: வேலிக்குள்ளா, வெளியிலா?

வேலி போட்ட களத்துக்கே என் வாக்கு. விதிவிலக்கு ஒன்று. வாழ்நாள் முழுக்கத் திறந்த வெளியிலேயே சவாரி போன குதிரைக்கு, மூடிய களம்தான் அச்சம் தரும் இடமாக இருக்கலாம். அதற்கு நிதானமான ஒரு மூத்த குதிரையை முன்னால் விட்டுப் பின்னால் போவது எளிது.

தலைக்கவசமும் குதிகால் வைத்த காலணியும் இல்லாமல் எந்தக் களத்திலும் ஏற வேண்டாம். தரையிலிருந்து அங்கவடியில், அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையத்தில், தொங்கி ஏறுவதை விட, ஏறுமேடையிலிருந்து ஏறினால் குதிரையின் முதுகில் ஒருபக்க இழுப்பு குறையும். ஏறும் முன் மேடையில் நின்றபடி முதுகுக்கு மேலே கையை நீட்டி மறுபக்கம் காட்டுங்கள். குதிரை தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் மறைவிடம். இடப்பக்கம் நின்ற ஆளின் கால் வலப்பக்கம் திடீரென்று முளைத்தால் அது திடுக்கிடத்தான் செய்யும். ஒரு கண் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் சொல்வது சரியில்லை. ஆனால் தெரிந்த பொருளே வேறு கோணத்தில் அதற்குப் புதிதாகத் தோன்றலாம்.

ஏறியதும் நடை மட்டும். தரையில் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். இரண்டு பக்கமும் திருப்பம், நிறுத்தம், ஓரிரு அடி பின்னால். சில நிமிடம் நடந்ததும் வயிற்றுவாரை மறுபடி சரிபாருங்கள், தளர்ந்திருக்கும். கால் மணி நேரம் ஒழுங்காகப் போனால் இறங்கிவிடலாம். துள்ளோட்டமும் பாய்ச்சலும் அடுத்தடுத்த சவாரிகளுக்கு.

அப்புறம், மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு மாற்றம் வரக்கூடும். அதுவரை சாதுவாக இருந்த குதிரை இழுக்கும், வாசலருகே நின்றுவிடும், மற்ற குதிரைகளை நோக்கிக் கத்தும். ‘இவ்வளவு நாள் நடித்தது’ என்பார்கள். அது நடிக்கவில்லை. முதல் வாரங்களில் பயத்தில் உறைந்திருந்திருக்கலாம். இப்போது இடம் பழகி, உடம்பு தெம்பாகி, புதுத் தோழமையும் கிடைத்து, தன் இயல்பைக் காட்டுகிறது. இந்த நேரத்தில் இன்னும் கடுமையான கடிவாளத்துக்கு மாறுவதுதான் பலர் செய்வது. அதற்கு முன் தானியத் தீவனம் வேலைக்கு மிஞ்சிப் போகிறதா, சேணம் இன்னும் பொருந்துகிறதா, நாளின் எத்தனை மணி நேரம் அது அடைபட்டு நிற்கிறது என்று இந்த வரிசையில் பாருங்கள். பிறகு சில நாட்கள் கயிற்றைப் பிடித்துக் கூட நடந்துவிட்டு, மறுபடி ஏறுங்கள்.