கூகுள் ஸ்காலர் பட்டியலும் மூன்று தேடல் வரைபடங்களும்

நுண்நெகிழி பற்றி எம்.எஸ்ஸி. புராஜெக்ட் எழுதப்போகிற ஒருவர் கூகுள் ஸ்காலரில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் போட்டால், பக்கத்துக்குப் பத்தாகக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். முதல் பக்கத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே பலர் மேற்கோள் காட்டியவைதான். எது எதோடு சேரும், தான் எந்தக் கிளையைப் பிடிப்பது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதற்காகத்தான் தேடல் முடிவுகளைப் படமாகப் போட்டுக்காட்டும் கருவிகள். ஓப்பன் நாலெட்ஜ் மேப்ஸ், கனெக்டட் பேப்பர்ஸ், விஓஎஸ்வியூவர் ஆகிய மூன்றை மட்டும் இங்கே பார்க்கலாம். மூன்றும் படத்தை எதை வைத்து வரைகின்றன என்று தெரியாமல் பயன்படுத்தினால் சிக்கல்தான்.

ஓப்பன் நாலெட்ஜ் மேப்ஸ், வியன்னாவிலிருந்து இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது, இலவசம். தேடுசொல்லைக் கொடுத்தால், மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்கான பப்மெட் அல்லது ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகம் நடத்தும் பேஸ் என்ற தேடுதளம், இரண்டில் நாம் தேர்ந்ததிலிருந்து 100 ஆவணங்களை எடுக்கும். தலைப்பிலும் ஆய்வுச் சுருக்கத்திலும் வரும் சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்துக் குமிழிகளாகப் பிரிக்கும். துறைக்குள் புதிதாக நுழைபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். குமிழியின் பெயரே அடுத்து எந்தச் சொல்லைத் தேடுவது என்று காட்டிவிடும். ஆனால் பெயர் வைப்பது கணினி. சில குமிழிகளின் பெயர் ஒட்டவே ஒட்டாது. அவற்றை அப்படியே முன்னாய்வு அத்தியாயத்தின் உபதலைப்புகளாக்கினால் நெறியாளர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

கனெக்டட் பேப்பர்ஸ் சொல்லைக் கேட்காது, ஒரு கட்டுரையைக் கேட்கும். 2004இல் ரிச்சர்ட் தாம்சனும் கூட்டாளிகளும் கடல் நெகிழி பற்றி ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைக் கொடுத்துப் பாருங்கள். அதைச் சுற்றி ஒரு வலை விரியும். வட்டம் பெரிதானால் மேற்கோள் அதிகம், நிறம் அடர்ந்தால் புதியது. கோடுகளைப் பார்த்து, ‘இது அதை மேற்கோள் காட்டியிருக்கிறது’ என்று நினைத்துவிடுவார்கள். அப்படியில்லை. இரண்டு கட்டுரைகள் ஒரே மூலங்களைக் காட்டியிருந்தாலோ (கெஸ்லர் 1963இல் முன்வைத்த அளவு), பிற்பாடு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டியிருந்தாலோ (ஹென்றி ஸ்மால், 1973), அவை நெருக்கமானவை என்று கணக்கு. ஒன்றையொன்று பெயரே சொல்லாத இரு கட்டுரைகள்கூட அருகருகே வரலாம். இதில் ஒரு நன்மை உண்டு: வேறு கலைச்சொல் பயன்படுத்திய கட்டுரையும் அகப்படும், சொல்தேடலில் அது தப்பிப்போயிருக்கும். நேற்று வெளிவந்த கட்டுரையை இன்னும் யாரும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள் என்பதால், அதன் அடிக்குறிப்புகளை மட்டும் நம்பித்தான் வலை விரியும். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில படங்கள்தான், அதனால் எந்தக் கட்டுரையை விதையாக்குவது என்று யோசித்துப் போடுங்கள்.

விஓஎஸ்வியூவர், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் எக், வால்ட்மன் இருவரும் உருவாக்கியது. பெரும்பாலும் ஸ்கோபஸ் போன்ற கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து நாமே தரவை இறக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். எந்தக் குறிச்சொற்கள் ஒரே கட்டுரையில் சேர்ந்து வருகின்றன என்று எண்ணி, அவற்றைப் புள்ளிகளாகப் போட்டு இணைக்கச் சொல்லலாம். ஒரே குறிச்சொல் ஒருமையிலும் பன்மையிலும் வந்தால், சேர்க்கச் சொல்லிக் கோப்பு கொடுக்காதவரை இரண்டு புள்ளிகளாகவே நிற்கும். துறை முழுவதையும் அளப்பதே ஆய்வு என்றால் இது வேண்டும். சாதாரண புராஜெக்டுக்கு வேண்டாம். ஆய்வேட்டில் பக்கம் நிரப்பும் வண்ணப்படமாகத்தான் முடிகிறது.

என் தேர்வு: தலைப்பு தெளியாதவரை ஓப்பன் நாலெட்ஜ் மேப்ஸ், ஒரு நல்ல கட்டுரை கைக்கு வந்ததும் கனெக்டட் பேப்பர்ஸ். அப்புறம் பட்டியலுக்கே திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கட்டுரையை யார் மறுத்தார்கள், யார் ஏற்றார்கள் என்பதை எந்தக் குமிழியும் காட்டாது. ஸ்காலரில் ‘மேற்கோள் காட்டியவை’ இணைப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அறிய முடியும்.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. தமிழ் ஆய்விதழ்களில் பலவற்றுக்கு டிஓஐ எனும் கட்டுரை அடையாள எண் கிடையாது, மேற்கோள் தரவும் எங்கும் ஏறுவதில்லை. மேற்கோளை நம்பும் கருவியில் சங்க இலக்கியக் கட்டுரையைப் போட்டால் வலை வெறிச்சோடிக் கிடக்கும். இப்போதைக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பழைய ஆய்வேடுகளைத் திறந்து, அவற்றின் துணைநூற்பட்டியலை வைத்துக்கொண்டு வலையைத் தாளில் கையால் வரைவதுதான் வழி.