ஓ2 ஹெட்ஃபோன் ஆம்ப்: பத்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

என் மேசையில் மானிட்டருக்குக் கீழே கறுப்பு அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கிறது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. ஆன்-ஆஃப் பொத்தான், கெயின் பொத்தான், வால்யூம் திருகு, ஒயர் செருகும் ஓட்டைகள் எல்லாம் முன்பக்கமே. ஹெட்ஃபோனுக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப். பெயர் ஆப்ஜெக்டிவ் 2, செல்லமாக ஓ2. நான் வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் இரண்டு லேப்டாப்பும் ஒரு வாடகை வீடும் மாறிவிட்டன, இது மாறவில்லை.

இதன் கதையே தனி. 2011-இல் என்டபிள்யூ-ஏவி-கை என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இதை வடிவமைத்தார். சர்க்யூட், போர்டு, உதிரி பாகங்களின் பட்டியல், அளவீடுகள் எல்லாவற்றையும் இலவசமாகப் பொதுவில் வைத்தார். விலை உயர்ந்த ஆம்ப்களைச் சோதனை மேசையில் வைத்து வெளுத்து வாங்குவது அவர் பழக்கம். அதற்காக அவரைக் குறை சொன்னவர்களின் வாயை அடைக்கத்தான், நல்ல ஆம்ப் செய்யப் பெரிய பணம் தேவையில்லை என்று இதைச் செய்து காட்டினார் என்பார்கள். 2012-இல் மனிதர் எழுதுவதை நிறுத்திவிட்டார். யாரென்று இன்றுவரை பொதுவில் தெரியாது. ஆளைக் காணோம், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஆம்ப் தேடியதற்குக் காரணம் சென்ஹைசர் எச்டி 650. 300 ஓம் ஹெட்ஃபோன். என் பழைய லேப்டாப்பில் செருகினால் சத்தம் போதவில்லை, கீழ்ச்சுருதி மட்டும் கொழகொழவென்று வந்தது. ‘பவர் பத்தல, ஆம்ப் வாங்கு’ என்றார்கள் கேட்டவர்கள் எல்லாரும். பவர் பாதிக் காரணம்தான் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த லேப்டாப் ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சத்தம் வெளியே வரும் இடத்தில் உள்ள மின்தடை, அதிகம். எச்டி 650-இன் இம்பீடன்ஸோ எல்லா அலைவரிசையிலும் 300 ஓமாக இருப்பதில்லை, கீழே 80-100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம்வரை ஏறும். ஜாக்கின் இம்பீடன்ஸ் பெரிதாக இருந்தால் அந்த மேட்டில் மட்டும் சத்தம் கூடிவிடும். கொழகொழப்பு அங்கிருந்து வந்தது. ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. ஓ2-வில் அது சுமார் அரை ஓம்தான், எதைச் செருகினாலும் பிரச்சினை வராது.

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தயாராகப் பூட்டிய ஓ2 ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், அடாப்டரோடு. முதல் நாளே விபத்து. அந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. போன் சார்ஜர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு எல்லா அடாப்டரும் 100-240 வோல்ட் என்ற நினைப்பு. இது அப்படிப்பட்ட சார்ஜர் இல்லை, உள்ளே வெறும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். 230 வோல்ட்டில் செருகியதும் ஒரு உறுமல், கையில் தொட முடியாத சூடு, ஒரு நிமிடத்துக்குள் வார்னிஷ் கருகும் வாசனை. பிடுங்கி எறிந்தேன். ஆம்ப் தப்பித்தது, அடாப்டர் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்த ஆம்ப்பாக இருந்தாலும் அடாப்டரின் முதுகில் ‘இன்புட்’ என்று போட்டிருக்கும் வரியைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

அப்புறம் மாற்று அடாப்டருக்கு ரிச்சி தெருவில் அலைந்த கதை. ஓ2-வுக்கு ஏசி அவுட்புட் தரும் அடாப்டர் வேண்டும். உள்ளே அந்த ஏசியைப் பிரித்துத்தான் பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையையும் அது உண்டாக்கிக்கொள்கிறது. சாதாரண டிசி அடாப்டர் உதவாது. பிளக் பொருந்துவதால் பல பேர் செருகிப் பார்த்து ஏமாறுகிறார்கள். நாலைந்து கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஒருவர், “ஏசி அவுட்புட்டா? அதெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க. டிரான்ஸ்ஃபார்மர் சுத்தித் தர்றேன், டப்பா நீங்க போட்டுக்குங்க” என்றார். 15 வோல்ட்டுக்குச் சுற்றித் தந்தார். ஃப்யூஸ் வைத்து, மூடிய டப்பாவில் போட்டேன். இன்றுவரை ஓடுகிறது.

இனி சத்தக் கணக்கு. வாங்குவதற்கு முன் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் வரும். வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும், பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 20 டெசிபல் குறையும். அதாவது 0.1 வோல்ட்டில் 83 டெசிபல். அதுவே நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் சத்தம்தான். 300 ஓமில் 0.1 வோல்ட் என்றால் பவர் எவ்வளவு? ஒரு மில்லிவாட்டில் முப்பதில் ஒரு பங்கு. ஓ2 தரக்கூடியது 33 ஓமில் 600 மில்லிவாட்டுக்கும் மேல். வீட்டுக்குள் கோலம் போட ரோடு ரோலர் வாங்கிய கதை.

ஆனால் பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. கச்சேரிப் பதிவில் ஆலாபனை அடங்கி ஒலிக்கும், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு தட்டுத் தட்டினால் சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே போய்வரும். அந்தத் தட்டு நசுங்காமல் வரத்தான் ஆம்ப்பில் மிச்சம் வேண்டும். 83-உடன் 20-ஐக் கூட்டினால் 103, அதாவது 1 வோல்ட். போனின் யுஎஸ்பியில் செருகி அதில் ஹெட்ஃபோனை மாட்டும் சாதாரண டாங்கிள்கள் சிலவே அந்த 1 வோல்ட்டைத் தந்துவிடும். நான் ஒருநாள் மல்டிமீட்டரை வைத்து, 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, டாங்கிள், ஓ2 இரண்டிலும் வோல்ட்டைச் சரிசமமாக வைத்தேன். பிறகு மனைவியை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் கேட்டேன். எச்டி 650-இல் மிதமான சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. வால்யூமைச் சமமாக வைக்காமல் ‘மேடை விரிந்தது, திரை விலகியது’ என்று எழுதுகிறவர்களை அதன்பிறகு நான் நம்புவதில்லை. அரை டெசிபல் கூடுதலாக இருக்கும் பக்கம்தான் காது எப்போதும் சாயும்.

ஓ2 உண்மையில் உழைத்தது ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ வந்த பிறகு. 25 ஓம்தான், ஆனால் உணர்திறன், அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, 91 டெசிபல். ஒரு மில்லிவாட்டுக்கு என்று வைத்துக்கொண்டால், உச்சத் தட்டுகள் 110 டெசிபலைத் தொட 80 மில்லிவாட் வேண்டும், 1.4 வோல்ட்டும் 56 மில்லிஆம்பியரும். வோல்ட் பெரிதில்லை, கரண்ட்தான் பெரிது, சின்ன டாங்கிள்கள் மூச்சு வாங்குவது இங்கேதான். ஓம் குறைவாக இருந்தால் ஓட்டுவது சுலபம் என்று நினைத்து இதுபோன்ற பிளானர் வகை ஹெட்ஃபோன் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. ஓம், உணர்திறன் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

ஓ2-வில் எனக்குப் பிடிக்காத விஷயம் கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது. என்னுடையது 2.5 மடங்கு, 6.5 மடங்கு என்று வந்தது. முதலில் கெயினைக் கூட்டிவைத்தால் சத்தம் ‘உயிரோடு’ இருப்பதுபோலத் தோன்றியது. 2 வோல்ட் தரும் டிஏசி (கம்ப்யூட்டரின் டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கியதும் வயலின் மேலே போகும்போது ஒரு கரகரப்பு. ஹெட்ஃபோன் போய்விட்டதோ என்று பயந்தேன். ஓ2-வில் வால்யூம் திருகு கெயினுக்குப் பின்னால் வருகிறது. 2 வோல்ட்டை 6.5-ஆல் பெருக்கினால் 13 வோல்ட், உள்ளே இருக்கும் சப்ளை 7 வோல்ட்டுக்குமேல் விடாது. திருகை எவ்வளவு குறைத்தாலும் நசுங்கின சத்தம் நசுங்கினதுதான். போர்டில் நான்கு சின்ன ரெசிஸ்டர்கள் இதைத் தீர்மானிக்கின்றன. டிவி மெக்கானிக் நண்பர் ஒருவரிடம் கொடுத்து 1 மடங்கு, 3.3 மடங்கு என்று மாற்றிக்கொண்டேன்.

அந்தச் சின்ன மாற்றம்தான் நான் செய்த உருப்படியான பாதுகாப்பு வேலை என்று இப்போது தோன்றுகிறது. முன்பு திருகை முழுக்கத் திருப்பினால் எச்டி 650-இல் 7 வோல்ட்வரை போகும், 120 டெசிபல். இப்போது 1 மடங்கில் முழுக்கத் திருப்பினாலும் 2 வோல்ட், 109 டெசிபல். அதுவும் அதிகம்தான், ஆனால் கை தவறினால் காது போகிற அளவு இல்லை. இன்னொரு லாபம், முன்பு எட்டு மணி நிலையிலேயே திருகை நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே இடது பக்கம் சத்தம் கூட, வலது குறைய வரும். மலிவான திருகுகள் எல்லாவற்றுக்கும் அடிமட்டத்தில் இந்தக் கோணல் உண்டு. இப்போது இரண்டு மணி, மூன்று மணிவரை திருப்புகிறேன், இரண்டு காதும் சமம்.

கை தவறுவது நடக்குமா என்றால், நடந்தது. அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கெயின் மாற்றுவதற்கு முந்தைய காலம். நான் 80களின் பாட்டு ஒன்றை, பழைய பதிவு என்பதால் திருகை நன்றாக ஏற்றிக் கேட்டுவிட்டு எழுந்துபோனேன். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு புதுப்பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறாள். இப்போது வரும் பாட்டுகள் பழையவற்றைவிடப் பத்து டெசிபல்வரை சத்தமாகப் பதிவாகியிருக்கும். “மாமா, காதுக்குள்ள வெடி வெச்ச மாதிரி இருந்துச்சு!” என்று ஓடிவந்தாள். சாயங்காலம்வரை காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து எழுந்தால் திருகு பூஜ்யத்தில், மாட்டும்போது முதலில் பாட்டு, பிறகுதான் திருகு.

காதுக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். இது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வேலையிடச் சத்தத்துக்கு வைத்த வரம்பு. உலகச் சுகாதார நிறுவனம் பாட்டுக் கருவிகளுக்கு இன்னும் இறங்கி, வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்கிறது. நல்ல ஆம்ப்பில் பிசிறே இருக்காது என்பதால் சத்தம் ஏறியிருப்பது காதுக்கு உறைக்காது. மட்டமான கருவி கரகரத்து நம்மை எச்சரித்துவிடும், இது எச்சரிக்காது.

காதுக்குள் செருகும் இன்-இயர்களுக்கு ஓ2-வை நான் பயன்படுத்துவதே இல்லை. அவற்றில் பல 1 வோல்ட்டுக்கே 120 டெசிபலைத் தாண்டும். அதற்கு டாங்கிள் போதும், சொல்லப்போனால் டாங்கிளே அதிகம்.

மின்சாரம் பற்றி இரண்டு விஷயம். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஆம்ப்பின் அலுமினிய உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருந்தது, காதில் ஒரு மெல்லிய இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டும் போய்விடும். இரண்டு முள் சார்ஜர்களில் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும், போக எர்த் இல்லாததால் நம் விரலைத் தேடும். மூன்று முள் சார்ஜர் வாங்கினேன், அப்போதும் போகவில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், ப்ளக் பாயின்ட்டில் எர்த் ஒயரே இணைக்கப்படாமல் சும்மா மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாடகை வீட்டில் ஆறு வருடம் அப்படியே வாழ்ந்திருக்கிறோம். ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் அதே வயரிங்கில்தான். ஹெட்ஃபோன் இரைச்சலால் கண்டுபிடித்தோம்.

இன்னொன்று பேட்டரி. ஓ2-வுக்குள் இரண்டு 9 வோல்ட் பேட்டரி போட்டு ஒயர் இல்லாமல் கேட்கலாம். அடாப்டர் செருகியிருக்கும்போது உள்ளே மெதுவாக சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் ஆகாத சாதாரண பேட்டரியைப் போட்டு அடாப்டரைச் செருகினால் பேட்டரி கசியும், வெடிக்கவும் செய்யலாம். நான் சரியான நிக்கல் பேட்டரிதான் போட்டேன். அதுவே நாலைந்து வருடத்தில் உப்பு பூத்துவிட்டது. கழற்றிப் போட்டுவிட்டேன், திரும்பப் போடவில்லை. ஒரு பேட்டரி மட்டும் தீர்ந்தால் ஹெட்ஃபோனுக்குள் டிசி பாய்ந்து அதைக் கெடுக்காமல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் ஏற்பாடு இதில் இருக்கிறது. மலிவான கையடக்க ஆம்ப்கள் எல்லாவற்றிலும் இதை எதிர்பார்க்க முடியாது. எந்த ஆம்ப் வந்தாலும், ஹெட்ஃபோனைச் செருகுவதற்கு முன் ஜாக்கில் ஒரு ஒயரைச் செருகி, மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து அளந்துவிடுவேன். பாட்டு ஓடாதபோது ஐந்து, பத்து மில்லிவோல்ட் இருந்தால் கவலையில்லை. ஐம்பதைத் தாண்டினால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்புவேன்.

இன்று புதிதாக வாங்குகிறவர்கள் ஓ2-வைத் தேடி அலைய வேண்டாம். ஏசி அடாப்டர் தொல்லையே போதும். யுஎஸ்பியில் ஓடும் டிஏசி-ஆம்ப் சேர்ந்த பெட்டிகள் இதற்கு ஈடாக வந்துவிட்டன. 4.4 மிமீ பாலன்ஸ்டு ஜாக் (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் உள்ளது) இருந்தால் ஒன்று மட்டும் கவனம்: அதில் சாதாரண 3.5 மிமீ பின்னை மாற்றிச் செருகும் குட்டி அடாப்டர்களை வாங்காதீர்கள். இடது, வலது இரண்டின் மைனஸையும் அது ஒன்றாக ஷார்ட் செய்துவிடும், ஆம்ப் கருகலாம்.

என் ஓ2-வின் திருகு போன வருடம் கரகரக்க ஆரம்பித்தது. கடலோர ஊர் ஈரம். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, கரண்ட் இல்லாமல் முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினேன். சரியாகிவிட்டது. அக்கா மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள், போன வாரம் வந்தபோது ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் திருகு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.