தளர்ந்த வயிற்றுத் தோலுக்குச் சிகிச்சை தேடிச் சென்னையில் ஒரு கோடை

உடற்பருமனைக் குறைக்கும் இரைப்பை அறுவைக்குப் பிறகு என் எடை 38 கிலோ குறைந்தது; குறைந்த எடை ஓராண்டுக்கும் மேலாக ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது. சர்க்கரையும் மூட்டுவலியும் விலகின. ஆனால் அடிவயிற்றில் முன்றானை மடிப்பைப் போலத் தொங்கும் தோல் மட்டும் அப்படியே இருக்கிறது. மடிப்புக்குள் வேர்வை தங்கிப் படர்தாமரை வருவதும், களிம்பு பூசினால் அடங்குவதும், வெயில் ஏறியதும் மறுபடி வருவதுமாகவே நாள்கள் கழிகின்றன. நான் வாழும் இலண்டனில் என்.எச்.எஸ். என்னும் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை இதைப் பெரும்பாலும் அழகு சார்ந்த சிகிச்சையாகவே கருதுவதால் அதற்கான செலவை வழக்கமாக ஏற்பதில்லை. தனியார் மருத்துவமனைகள் கேட்கும் தொகை என் கைக்கு எட்டாதது. அண்ணன் மகள் திருமணத்துக்காகச் சென்னை வந்தபோது, இங்குள்ள மருத்துவர்களைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். வெளிநாட்டிலிருந்து என்னைப் போல் விடுப்பில் வந்து இதே முடிவை எடுக்க நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் போனது அண்ணாநகர்ப் பக்கம் உள்ள ஓர் அழகுச் சிகிச்சை நிலையம். அண்ணியும் உடன் வந்தார். எங்களை அழைத்துப் பேசியவர் மருத்துவர் அல்லர். ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஓர் இளம்பெண். புடவைக்கு மேலாகவே இஞ்சு நாடாவால் இடுப்பை அளந்துவிட்டு, "ஊசியும் கிடையாது, கத்தியும் கிடையாது மேடம், மத்தியானம் வந்தீங்கன்னா சாயங்காலம் ரிசப்ஷனுக்கே போகலாம்" என்றார். ஹைஃபு எனப்படும் குவிந்த அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும், ரேடியோ அலைகளால் தோலைச் சூடாக்கும் ரேடியோ ஃப்ரீக்வென்சி சிகிச்சையையும் சேர்த்து ஒரு 'பேக்கேஜ்' சொன்னார். அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவர் மாலையில்தான் வருவார், ஆனால் சிகிச்சையை இப்போதே தொடங்கிவிடலாம் என்று பதில் வந்தது. தோலைத் தொட்டுப் பார்க்காமல், இரைப்பை அறுவை செய்துகொண்டதைக்கூடக் கேட்காமல் இப்படி விலை பேசியது எனக்குக் கோபத்தையே தந்தது. உடல் மாறிப்போன வேதனையோடு வருபவர்கள் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். அவர்களிடம் இப்படி நடந்துகொள்வது தவறு.

மறுநாள் பார்த்த தோல் மருத்துவர் எம்.டி. படித்தவர். கட்டிலில் படுக்கவைத்தும், நிற்கவைத்தும், உட்காரவைத்தும் பார்த்தார். இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவரிடமிருந்துதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். ரேடியோ ஃப்ரீக்வென்சி கருவி தோலின் மேற்பரப்பை ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி வெப்பத்தில் வைத்துக்கொண்டே உள்ளடுக்கைச் சூடாக்குகிறது. ஹைஃபு மேல்தோலைத் தாண்டி, முகத்தில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் சின்னஞ்சிறு புள்ளிகளை 60 டிகிரிக்கு மேல் சுடுகிறது. அந்தச் சூட்டில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் சுருங்குகின்றன. அதன்பின் உடல் தானே புதுக் கொலாஜனை மெல்ல உண்டாக்குகிறது. ஆகவே பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஆறு மாதமும் ஆகும். திருமணத்துக்கு முன் செய்துகொண்டால் திருமணத்தன்று தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றார்.

அவர் சொன்ன முக்கியமான செய்தி வேறு. இந்தக் கருவிகள் எவையும் தோலை அகற்றுவதில்லை. இருக்கும் தோலைச் சற்று இறுக்க மட்டுமே செய்கின்றன. அல்தெரபி என்ற அல்ட்ராசவுண்ட் கருவிக்கு 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்ததே புருவத்தை உயர்த்துவதற்குத்தான். தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் இலேசாகத் தளர்ந்த தோலுக்கு, அதிலும் இழுத்துவிட்டால் திரும்பி ஒட்டிக்கொள்ளும் வலு இன்னும் மிச்சமிருக்கும் தோலுக்கு, இவை பொருத்தமானவை. பல ஆண்டுகள் விரிந்து கிடந்த என் வயிற்றுத் தோலில், அதற்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகளே அறுந்து போயிருக்கின்றன. வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் தழும்புகளே அதற்குச் சாட்சி. "உங்கள் கழுத்துக்கு என்னால் ஏதாவது செய்ய முடியும். வயிற்றுக்கு நான் பணம் வாங்கினால் அது நியாயமில்லை அம்மா" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் சர்ஜனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆலோசனைக் கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை.

ஊசிமுனைகள் வழியாக ரேடியோ ஃப்ரீக்வென்சி செலுத்தும் முறையைப் பற்றியும் கேட்டேன், ஏனெனில் இலண்டனில் என் தோழியர் பலர் அதைப் புகழ்கிறார்கள். நம் போன்ற கருந்தோலுக்குக் கருமை படியும் வாய்ப்பு உண்டு, தேர்ந்த கை வேண்டும் என்றார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் இம்முறையால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு ஆகியவை நேர்ந்ததாக வந்த புகார்களைச் சுட்டி எச்சரித்திருக்கிறது. அறுவை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று ஆகிவிடாது.

பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்த அந்த ஒரு மணி நேரமே இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரும் பயன். அவர் முதலில் என்னை நிற்கவைத்து, மடிப்பைத் தூக்கிப் பார்த்து, உள்ளே இருந்த புண்ணின் கறையைக் குறித்துக்கொண்டார். பிறகு படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடு வயிற்றில் விரல்களை அழுத்தி, இரண்டு பக்கத் தசைகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தார். தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்று இருமச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பிள்ளைப்பேறும் உடற்பருமனும் சேர்ந்து விலக்கிய அந்தத் தசைகளை எந்த வெளிக்கருவியாலும் ஒன்றுசேர்க்க இயலாது. மிகுதித் தோலை அகற்றும் அறுவையின்போது உள்ளிருந்து தைத்துத்தான் சேர்க்க முடியும். பிறகு, "புடவையை எங்கே கட்டுவீர்கள்?" என்று கேட்டார். பாவாடை நாடா இறுகும் இடத்தைக் காட்டினேன். மார்க்கர் பேனாவால் அதற்கு நன்றாகக் கீழே, ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றோர் இடுப்பெலும்பு வரை, வெட்டு வரும் இடமாக ஒரு கோடு இழுத்தார். தழும்பின் மேல் நாடா அன்றாடம் உரசினால் அது தடித்துக் கறுக்கும் என்பதால், புடவை கட்டும் பெண்களுக்குக் கோட்டின் இடத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்வாராம். இலண்டனில் ஒரு மருத்துவரிடம் போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்று தெரியவில்லை.

அறுவையின் கடினத்தையும் அவர் மறைக்கவில்லை. முழு மயக்கத்தில் சில மணி நேரம் நடக்கும். மிகுதித் தோல் வெட்டி எடுக்கப்படும்; தொப்புள் புதிய துளையின் வழியே வெளியே எடுத்துத் தைக்கப்படும். எடை மிகக் குறைந்தவர்களில் சிலருக்குக் குறுக்கேயும் தோல் மிஞ்சுவதால் நடுவில் ஒரு நெடுக்குத் தழும்பும் தேவைப்படும்; எனக்கு அது வேண்டாம் என்பது அவர் கருத்து. முதல் வாரம் குனிந்தபடியேதான் நடக்க வேண்டும், சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய்களோடு வீடு திரும்ப நேரலாம், இறுக்கமான பெல்ட்டை ஆறு வாரம் அணிய வேண்டும், அதுவரை கனமான எதையும் தூக்கக்கூடாது. நீர் கோத்தல், தொற்று, தையல் விடுதல் என எல்லாவற்றையும் சொன்னார். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் பேசினார். இலண்டன் விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஆபத்தைக் கூட்டும். ஆகவே, விடுப்பின் கடைசி வாரங்களில் அறுவையைத் திணித்துக்கொண்டு, தையல் ஆறுமுன் விமானம் ஏறுவதாக இருந்தால் தாம் செய்யப்போவதில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டும். இயந்திரச் சிகிச்சை நம்மைக் கவர்வதற்குப் பெரிய காரணம் அது நம் தோலுக்குப் பொருந்துவது அன்று, நம் விடுப்புக்குப் பொருந்துவது. மூன்று வார விடுப்பில் அறுவைக்கு இடமில்லை, ஹைஃபுவுக்கு இடமுண்டு. எனவே ஹைஃபு என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கை அழகு நிலையங்களும் நன்றாக அறிந்திருக்கின்றன. என் வயிற்றுக்கு அந்தப் பணத்தைச் செலவழித்திருந்தால் மடிப்பும் படர்தாமரையும் அப்படியே இருந்திருக்கும். கழுத்து மட்டும் தளர்ந்த ஒருவர் அதே காரணத்தால் இயந்திரத்தைத் தேர்ந்தால், அது அவருக்குச் சரியாகவே அமையலாம். தோலை முதலில் பார்த்து, நாள்காட்டியைப் பிறகு பார்க்க வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் விசாரித்த இடங்களில் வயிற்றுத் தோல் அறுவைக்கு ஒன்றரை லட்சம் முதல் மூன்றரை லட்சம் ரூபாய் வரை சொன்னார்கள். வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று வரி வரியாகக் கேட்டபோதுதான், குறைந்த தொகையில் மயக்க மருத்துவர் கட்டணம், பெல்ட், கூடுதல் நாள் தங்கல் ஆகியவை சேராதது தெரிந்தது. பிறவிக் குறை, விபத்து போன்றவற்றைச் சரிசெய்யாத அழகு அறுவைக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அது மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பிறகு நீர் கோத்தால் எடுப்பதற்கும், ஓரத்தில் தோல் துருத்தினால் திருத்துவதற்கும் யார் பணம் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். வெளிநாடு திரும்பியபின் தொற்று வந்தால் என்.எச்.எஸ். அவசரச் சிகிச்சை தரும், ஆனால் தழும்பின் அழகைத் திருத்தித் தராது.

மருத்துவரின் தகுதியைச் சரிபார்ப்பதும் கடினமில்லை. எம்.எஸ். முடித்தபின் மூன்றாண்டு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற சிறப்புப் பட்டமோ அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டமோ இருக்க வேண்டும். அழகியல் டிப்ளமோ அதற்கு ஈடாகாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அறுவை நடக்கும் இடம் தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா, அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்றும் கேட்டேன். நல்ல மருத்துவமனைகள் இந்தக் கேள்விகளால் முகம் சுளிக்கவில்லை. பழைய நோயாளிகளின் படங்களைக் காட்டும்போது, அறுவை முடிந்த ஓராண்டுக்குப் பின் எடுத்த படத்தைக் கேளுங்கள், ஏனெனில் தழும்பு அடங்கி மங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். முகம் தெரியாமல் காட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். நம் படமும் நாளை அப்படித்தான் காட்டப்படும்.

ஆகவே இம்முறை அறுவையும் இல்லை, கருவியும் இல்லை. அடுத்த ஆண்டு, சம்பளமில்லா விடுப்பையும் சேர்த்து இரண்டு மாதம் தங்கும்படி வந்து, டிசம்பருக்குப் பின் வேர்வை குறைந்த பருவத்தில் அறுவையைச் செய்துகொள்வதாக முடிவாகியிருக்கிறது. அண்ணி தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு இரும்பும் புரதமும் உடலில் சேர்வது குறைவு. அவை குறைந்தால் தையல் எளிதில் ஆறாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என் இரத்தத்தில் குறைவாகவே இருந்தது. சர்ஜன் தந்த கடிதத்தை இலண்டன் குடும்ப மருத்துவரிடம் கொடுத்து இரும்பு மாத்திரையைத் தொடங்கியிருக்கிறேன். உணவில் பருப்பையும் முட்டையையும் கூட்டியிருக்கிறேன். மறுபரிசோதனையில் அந்த அளவு ஏறிய பிறகே அறுவைக்குத் தேதி குறிப்பதாகச் சர்ஜன் சொல்லியிருக்கிறார்.