தனியா ஆரம்பிக்கிறவங்களுக்கு வீடு: பிரிக்பீல்ட்ஸா, செந்தூலா, பட்டர்வொர்த்தா?

டைவர்ஸ் ஆகி தனியா வீடு தேடுறவங்க கிட்ட எல்லாரும் கேக்குறது வாடகை எவ்ளோ, வேலைக்கு கிட்டவா, ஏரியா சேஃபா. மூணும் முக்கியம்தான். ஆனா என்ன கேட்டா அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு, அந்த வீட்ல அடுப்பு உங்களோடதா இல்லையான்னு. மலேசியாவுல நான் பாத்த மூணு இடத்தையும், கோலாலம்பூர்ல (கேஎல்) பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பினாங்கு பக்கம் பட்டர்வொர்த், அத வச்சுதான் பாத்தேன்.

பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். போக்குவரத்துக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் நடக்குற தூரம், எல்ஆர்டி சிட்டி ட்ரெயின், கேடிஎம் ரயில், ஏர்போர்ட் ட்ரெயின் எல்லாம் அங்கயே, மோனோரெயில் என்யூ சென்ட்ரல் மால் வழியா போனா வந்துரும். என் வேலை மஸ்ஜித் ஜாமெக் பக்கம், எல்ஆர்டி ஏறினா நடுவுல பசார் செனி மட்டும்தான். ராத்திரி லேட்டா வந்தாலும் ஜாலான் துன் சம்பந்தன்ல வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும், பொம்பள தனியா நடக்குறதுக்கு அது எவ்ளோ பெரிய தைரியம்னு நடந்தவங்களுக்கு தெரியும். கோயிலுக்கு ஸ்காட் ரோடு கந்தசாமி கோயில் இருக்கு.

ஆனா ஒரு சம்பளத்துல அங்க முழு வீடு எடுக்குறது கஷ்டம், ரூம்தான் கட்டுப்படியாகும். ரூம் விளம்பரத்துல பாதிக்கு மேல "லைட் குக்கிங் மட்டும்"னு போட்டிருப்பாங்க, அப்படின்னா மெகி போடலாம், முட்டை அவிக்கலாம், மீன் பொரிச்சா மறுநாள் ஓனர் மெசேஜ் வரும். நான் போய் பாத்த ஒரு இடத்துல ஃப்ரிட்ஜ்ல ஒவ்வொரு தட்டுலயும் டேப் ஒட்டி ரூம் நம்பர் எழுதியிருந்தாங்க, எனக்கு ஒதுக்குனது கீழ காய்கறி ட்ராயர்ல பாதி. ரூம் சுத்தமாதான் இருந்துச்சு, ஓனர் அக்காவும் நல்லா பேசுனாங்க, ஆனா இத்தன வருஷம் ஒரு வீட்டையே நடத்துனவ அரை ட்ராயர்ல குடித்தனம் பண்ணனும்னா மனசு சுருங்கிப் போயிரும். வேலைய விட்டு வந்து ஒரு ரசம் வச்சு சாப்புட முடியலன்னா அது தங்குற இடம் மட்டும்தான். இருபதுகள்ல இருக்குற பிள்ளைங்களுக்கு ஓகே, பிரிஞ்சு வந்த மொத ஆறு மாசம் தலைய சாய்க்க இடம் வேணும்னாலும் ஓகே, அதுக்கு மேல வேணாம்னுதான் சொல்வேன்.

செந்தூல் வேற மாதிரி. ரயில்வே பட்டறைய சுத்தி வளந்த ஊரு, நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க. பழைய ஃபிளாட், அப்பார்ட்மெண்ட் நெறைய இருக்குறதால ஒரு ஆளு முழு வீடு எடுக்குறத பத்தி யோசிக்கவாச்சும் முடியும். செந்தூல், செந்தூல் தீமோர் எல்ஆர்டில ஏறினா மஸ்ஜித் ஜாமெக் வரைக்கும் மாற வேண்டாம், கேடிஎம் இருக்கு, 2023-ல எம்ஆர்டி மெட்ரோவோட செந்தூல் பாராட் ஸ்டேஷனும் வந்துருச்சு. மை50 பாஸ் எடுத்தா 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேபிட் பஸ் எல்லாம் எத்தன தடவ வேணும்னாலும் போலாம், கேடிஎம் மட்டும் இதுல சேராது, அதனால வீடு எந்த ஸ்டேஷனுக்கு கிட்டன்னு பாத்து எடுங்க. கார் அவர் பேர்ல போயிருச்சு, நமக்கு ஒண்ணும் இல்லன்னு நிக்கிறவங்களுக்கு இந்த 50 வெள்ளி உண்மையிலேயே பெரிய உதவி.

குறை இல்லாம இல்ல. லிஃப்ட் இல்லாத ஃபிளாட்ல நாலாவது மாடி வாடகை கம்மியா இருக்கும், அரிசி மூட்டைய யார் தூக்குறதுன்னு அப்பவே யோசிச்சிருங்க. ஸ்டேஷன்ல இருந்து புளோக் வரைக்கும் சில ரோடு இருட்டு. ஏஜெண்ட் பகல்லதான் வீடு காட்டுவாங்க, நீங்க ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல ஸ்டேஷன்ல எறங்கி படிக்கட்டு வரைக்கும் நடந்து பாருங்க, கால் தானா வேகமா போச்சுன்னா அந்த வீடு வேணாம்.

வாடகை விஷயம் எந்த ஏரியாவுக்கும் ஒண்ணுதான், அதையும் சொல்லிர்றேன். வழக்கமா 2 மாச டெபாசிட், யூட்டிலிட்டிக்கு அரை மாசம், மொத மாச வாடகை முன்கூட்டியே. 1,200 வெள்ளி வீடுன்னா சாவி கைக்கு வர்றதுக்குள்ள 4,200 வெள்ளி போயிரும், கட்டில், கேஸ் தோம்பு (சிலிண்டர்) இதெல்லாம் அப்புறம். அதனால பிரியறதுக்கு முன்னாடியே உங்க பேர்ல மட்டும் இருக்குற அக்கவுண்ட்ல கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைங்க, இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். அப்புறம் இந்தியருக்கு தர மாட்டோம்னு வெளிப்படையாவே போடுற விளம்பரம் இன்னும் இருக்கு, பேர கேட்டதும் பதிலே வராம போன ஏஜெண்ட்டும் உண்டு. மனசு வலிக்கும், இருந்தாலும் மொத மெசேஜ்லயே கேட்டுருங்க, ஒரு நாள் லீவு மிச்சம். நம்மாளு ஓனரா இருந்தா இன்னொரு கேள்வி வரும், "புருஷன் எங்கம்மா?" இதுக்கு நீங்க கதை சொல்லணும்னு கட்டாயம் இல்ல. "நான் மட்டும்தான் இருக்கப்போறேன், இந்தா சம்பள ஸ்லிப்"னு சொன்னா போதும், அதுக்கு மேலயும் தோண்டுறவங்க வீட்ல குடியிருந்தா தினமும் தோண்டுவாங்க.

மூணாவது பட்டர்வொர்த். எங்க அம்மா வீடு அந்த பக்கம்தான், சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே வாய்ல சொன்னது "ஊருக்கே வந்துரு". தப்பான யோசனை கிடையாது. வாடகை மிச்சம், அம்மா கையால சோறு, காய்ச்சல்னா பாத்துக்க ஆளு. பெர்ரில பினாங்கு தீவுக்கு போய் வேலை பாக்கலாம், மோட்டார் சைக்கிள் ஓட்டுனா தீவுக்கு போற பாலத்துக்கு 2019-ல இருந்து டோல் இல்ல. கே எல் மாதிரி ட்ரெயின் கிடையாது, எல்ஆர்டி கட்ட ஆரம்பிச்சிருக்காங்க, அது வர்ற வரைக்கும் பெரும்பாலும் பஸ்ஸோ சொந்த வண்டியோதான். ஆனா அங்க அடுப்பு அம்மாவோடது. முப்பத்தெட்டு வயசுல எத்தன மணிக்கு வந்த, யார் கூட பேசுனன்னு பதில் சொல்லணும், தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போனா பாக்குற ஆன்ட்டி எல்லாம் "ஒத்து போயிருக்கலாமே"ன்னு ஆரம்பிப்பாங்க. அவங்க பாசத்துலதான் கேக்குறாங்க, ஆனா புண்ணு ஆறுறதுக்குள்ள தொட்டு பாக்குற கை எவ்ளோ பாசமா இருந்தாலும் வலிக்கும்.

வாடகை எதுக்கு, வாங்கிருன்னும் சிலர் சொன்னாங்க. டைவர்ஸ் கேஸ் முடியாம வாங்காதீங்க, அதுவும் சொத்து கணக்குல வருமான்னு வக்கீல் கிட்ட கேட்டுருங்க. பழைய வீட்ல உங்க பேரும் இருந்திருந்தா முதல் வீட்டுக்கு குடுக்குற ஸ்டாம்ப் டியூட்டி சலுகை கிடைக்காது, அதையும் கணக்குல சேருங்க.

நான் எடுத்தது செந்தூல், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பின்னாடி ஜன்னல் வச்ச சின்ன குசினி. கைப்பிள்ளையோட வர்றவங்களா இருந்தா ஆன்ட்டிங்க பேச்ச காதுல வாங்காம மொத வருஷம் பட்டர்வொர்த்துக்கே போங்கன்னுதான் சொல்வேன், பிள்ளைய நம்பி விட்டுட்டு வேலைக்கு போக செந்தூல்ல காசு குடுத்து ஆள் தேடணும், ஒரு சம்பளத்துல வாடகையும் அதுவும் சேந்து தாங்காது.